அக்கார்டியன் வாசித்தவர் யார்?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ஜூலை 14 விழாவில் கேட்ட நாள் முதல் அக்கார்டியன் என்றால் எனக்கு உயிர். பிறகு கடலூரில் குமாஸ்தா வேலை. ரேடியோவில் பழைய பாட்டு வந்தால், இடையில் வரும் அக்கார்டியனுக்காகவே காத்திருப்பேன். இசைத்தட்டில் படம், பாடகர், இசையமைப்பாளர் பெயரெல்லாம் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது.

நாதஸ்வரத்துக்கு அந்தக் குறை இல்லை. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) என்றால் காருகுறிச்சி அருணாசலம், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்றால் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று சிதம்பரம் கீழ சன்னதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்கு அக்கார்டியன்காரரின் பெயரைச் சொன்னவர், கல்யாணக் கச்சேரிகளில் அதே வாத்தியம் வாசித்த சிதம்பரத்து நண்பர்.

“எம்.எஸ்.வி. குழுவிலே மங்களமூர்த்தின்னு ஒருத்தர் சார். துருத்தியை இழுத்து மடக்குற இடத்தைக் கவனிங்க. ஆளுக்கு ஆள் மாறும்” என்றார்.

சட்டென்று புரிந்தது. ஆபீசில் குறிப்பு எழுதுவது நாங்கள், கையெழுத்துப் போடுவது அதிகாரி. ஆனாலும் எழுத்தைப் பார்த்தே இது யார் எழுதியது என்று சொல்லிவிடுவோமே!

அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன். மீதியை ரிடையரான பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ரிடையராகியும் போகவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் ஒரு மணி நேரத்துப் பஸ் பயணம்தான்.

போன வருஷம் அவர் காலமானார். நோட்டில் பாதிப் பக்கங்கள் காலி. அதைவிட மனதை அறுப்பது வேறு. யார் யார் வாசிப்பையோ தேடிய நான், அவர் வாசித்த ஒரு கச்சேரியைக்கூடப் பதிவு செய்து வைக்கவில்லை.