பெயரில்லாக் கிற்றார்

பழம்பொருள்மீது மனிதர் கொள்ளும் பற்று இருவகைப்படும். ஆக்கப்பட்ட நாளிலேயே உயர்ந்ததென மதிக்கப்பட்டு, காலஞ் செல்லச் செல்ல மேலும் மதிப்புப் பெற்ற பொருளை நாடுவது ஒருவகை. ஆக்கப்பட்ட நாளில் எவராலும் பொருட்படுத்தப்படாது, மலிவு ஒன்றையே தகுதியாகக் கொண்டு விற்கப்பட்டு, பின்னர் மூலையில் ஒதுக்கப்பட்ட பொருளைத் தேடியெடுத்துப் போற்றுவது மற்றொரு வகை. முன்னையதை விளக்குதல் எளிது. பின்னையதை விளக்குதல் அத்துணை எளிதன்று. எனக்குரிய ஒரு பழைய மின்கிற்றாரைக் கொண்டு அதனை விளங்கிக்கொள்ள முயன்ற கதையே இக்கட்டுரை.

அக்கிற்றாருக்குப் பெயரில்லை. தலைப்பகுதியிற் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மாத்திரமே எஞ்சியுள்ளன. உடல் ஓரங்களிற் கறுத்து, நடுவில் மஞ்சளாக மங்கிச் செல்லும் வண்ணம் பூசப்பெற்றது. தந்திகளின் கீழே பொன்னிறத் தகடு பதித்த நான்கு பிக்கப்புகள் வரிசையாக உள்ளன. அவற்றை இயக்கவும் நிறுத்தவும் சுவரிற் காணும் மின்னாளிகளைப் போன்ற வெள்ளை ஆளிகள் பல. முதன்முறை காண்பவர் அதனை இசைக்கருவி என்று கொள்வதா, வானொலிப் பெட்டியின் முகப்பு என்று கொள்வதா என மயங்குவர்.

அது என் தாய்மாமனுடையது. 1970களின் தொடக்கத்திற் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடிய ஓர் இசைக்குழுவில் அவர் கிற்றார் வாசித்தார். வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. கப்பலிற் பணியாற்றிய ஒருவர் யப்பானிலிருந்து கொண்டுவந்ததை மாமா கைமாற்றாக வாங்கினார். "யப்பான் கிற்றார்" என்பதே வீட்டில் அதற்கு வழங்கிய பெயர்.

நான் அதனை அறிந்த காலத்தில் அது மின்கிற்றாராக இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட நாள்கள் அவை. செய்திக்கே கைவலிக்கச் சுழற்ற வேண்டியிருந்தபோது இசைக்கு மின்சாரம் ஏது? மாமா இரவில் ஜாம் போத்தல் விளக்கின் முன் அமர்ந்து, ஒலிபெருக்கியுடன் இணைக்காமலே அக்கிற்றாரை வாசிப்பார். திண்மரத்தாலான உடலாகையால் ஓசை தந்தியளவிலேயே நின்றுவிடும். இரண்டு முழத்துக்கு அப்பால் இருப்பவருக்கு அது கொசுவின் இரைச்சலினும் மெல்லியது. எட்டு வயதுச் சிறுவனான நான் விரல்கள் ஓடுவதை மட்டும் பார்த்திருந்தேன்.

ஒருநாள் அவர், "இஞ்சை வா, மரத்திலை காதை வை" என்றார். வைத்தேன். மரத்தின் உள்ளிருந்து எழுந்த ஓசை என் தாடை எலும்பு வழியே தலையெங்கும் நிறைந்தது. வீட்டில் வேறெவரும் கேட்காத ஒன்றை நான் கேட்டேன். மின்கிற்றாரின் இசையை நான் முதன்முதலிற் கேட்டது இவ்வாறுதான்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் வெறுமையாயிற்று. எங்கள் வீட்டார் இரண்டு சைக்கிள்களில் அரிசியும் பாயும் பாத்திரங்களுமாகப் புறப்பட்டனர். அம்மம்மாவை ஏற்றியபின் கிற்றாருக்கு இடமிருக்கவில்லை. மாமா அதனைச் சாக்கிற் சுற்றிப் பரணில் வைத்தார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டிற் கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, தையல் இயந்திரம் இல்லை. கிற்றார் மாத்திரம் சாக்கினின்று வெளியே எடுக்கப்பட்டு நிலத்திற் கிடந்தது. பெயர்த்தகட்டையும் இரண்டு குமிழ்களையும் எவரோ கழற்றியிருந்தனர். ஏனையது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. விலையின்மையே அதனைக் காத்தது.

மாமா மறைந்தபின் கிற்றார் என்னிடம் வந்தது. அதன் பெயரை அறியவேண்டும் என்னும் ஆவல் அப்போதுதான் தோன்றியது. அத்தேடல் என்னைப் போருக்குப் பிந்திய யப்பானுக்கு இட்டுச் சென்றது. 1946இல் ரோக்கியோவில் தொடங்கப்பட்ட ரெய்ஸ்கோ என்னும் நிறுவனத்தின் கிற்றார்களை என்னுடையது பெரிதும் ஒத்திருந்தது. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வென்ச்சர்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழு யப்பானிற் சுற்றுப்பயணம் செய்ததையடுத்து, அந்நாட்டு இளைஞரை மின்கிற்றார் மோகம் பற்றிக்கொண்டது. தொழிற்சாலைகள் பெருகின. உள்நாட்டில் விற்றது போக, எஞ்சியவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ஆங்கே அவற்றை இறக்குமதி செய்தோரும் விற்றோரும் தத்தம் பெயரைப் பொறித்தனர். ஒரே கிற்றார் ஒரு கடையில் ரெய்ஸ்கோ டெல் றே, இன்னொன்றிற் கிங்ஸ்ரன், மற்றொன்றிற் கிம்பேர்லி. மோகம் தணியத் தொடங்கிய 1967இல் ரெய்ஸ்கோவைக் கவாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது. என் கிற்றாரின் பெயர்த்தகடு களவு போகாதிருப்பினும், அது அதன் உண்மைப் பெயரைக் கூறியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

இத்தகைய கருவிகள் யப்பானில் மட்டும் பிறந்தவையல்ல. அமெரிக்காவில் 1954இல் பெண்டர் நிறுவனம் ஸ்ரற்றோகாஸ்ரர் கிற்றாரை வெளியிட்டபோது அதன் விலை 249 டொலர் 50 சதம். அதே ஆண்டில், நியூ ஜேர்சியில் டானெலெக்றோ நிறுவனத்தை நடத்திய நேதன் டானியல் என்பார், தொழிலாளியின் பிள்ளையும் வாங்கத்தக்க கிற்றாரை ஆக்க முனைந்தார். விலையுயர்ந்த மரத்தை அவர் நாடவில்லை. மலிவான மரச்சட்டத்தின் இருபுறமும் ஹாட்போட் பலகையைப் பொருத்தி, ஓரங்களை நாடா ஒட்டி மறைத்தார். பிக்கப்பின் கூடாக அவர் தெரிந்தெடுத்தது உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய். 1960களில் அவர் சியர்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த ஒரு கிற்றார் 70 டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. அதனை வைக்கும் பெட்டியினுள்ளேயே ஒலிபெருக்கியும் அமைந்திருந்தது. இத்தாலியில் அக்கோர்டியன் செய்த தொழிற்சாலைகள் கிற்றாருக்கு மாறியபோது, அக்கோர்டியனுக்கென வைத்திருந்த முத்துநிறச் செலுலோயிட் தகட்டையே கிற்றாரின்மேற் போர்த்தன. அக்கோர்டியனின் பொத்தான் வரிசையும் கூடவே வந்து சேர்ந்தது.

இக்கருவிகள் நம்மைக் கவர்வதன் முதற் காரணம் இங்கேதான் உள்ளது எனலாம். மின்கிற்றார் எவ்வாறு இருக்கவேண்டும் என்பது இன்னும் முடிவாகாத காலத்தில், தம் கையிலிருந்ததைக் கொண்டு அதனை ஆக்கியோரின் துணிவு அவற்றில் தெரிகின்றது. நான்கு பிக்கப்புகள் எதற்கு? இசைக்கு இரண்டே போதும். ஆயின் இரண்டுக்கு மேல் வைக்கலாகாது என்று அவர்களுக்கு எவரும் கூறவில்லை. இலக்கணம் பிறக்குமுன் பிறந்த சொற்களைப்போல அவை இருக்கின்றன.

இரண்டாவது காரணம் ஒலி. மின்கிற்றாரின் தந்தி உருக்காலானது. காந்தப் புலத்தினுள் அது அதிரும்போது, காந்தத்தைச் சூழச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பியில் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. அச்சிறு மின்னோட்டமே ஒலிபெருக்கியிற் பெருகி இசையாகின்றது. விலையுயர்ந்த பிக்கப்புகளிற் கம்பிச்சுருளை மெழுகில் தோய்த்து அசையாது இறுக்குவர். மலிவானவற்றில் அச்செலவு தவிர்க்கப்பட்டது. அதனாற் சுருளும் தகடும் தாமே அதிர்கின்றன. உடலில் விரலாற் தட்டினால் அத்தட்டு ஒலிக்கும். பிக்கப்பின் அருகே வாயை வைத்து உரக்கப் பேசினாற் குரலும் ஒலிபெருக்கியில் வரும். பொறியியலாளருக்கு இது குறை. அக்குறையே சிலருக்குக் குரலாயிற்று. மிசிசிப்பியிற் பிறந்து சிக்காகோவின் மதுச்சாலைகளில் வாசித்த ஹவுண்ட் டோக் ரெயிலர் ஒரு மலிவான யப்பானியக் கிற்றாரைத்தான் வைத்திருந்தார். 1971இல் அலிகேற்றர் என்னும் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டதே அவருடைய இசையைப் பதிவுசெய்வதற்காகத்தான். கிழிந்த துணிபோன்ற அவ்வோசையைப் பழுது என்று ஒதுக்கியிருந்தால் அந்த இசைத்தட்டே இல்லை. பின்னாளிற் றை கூடர் என்னும் பெருங்கலைஞர் ரெய்ஸ்கோவின் பொன்தகட்டுப் பிக்கப் ஒன்றைக் கழற்றித் தம் ஸ்ரற்றோகாஸ்ரரிற் பொருத்தினார். அன்று தொட்டுப் பொருத்தமான ஒரு பழைய கிற்றாரைக் கண்டால், உடலை வீசிவிட்டுப் பிக்கப்பை மாத்திரம் விற்போரும் உருவாகினர்.

இவ்வளவில் நிறுத்தினால் உண்மையிற் பாதியையே கூறியவனாவேன். மாமா அந்தக் கிற்றாரை நேசித்தார் எனக் கூறின் அது பொய். அவர் அதனைச் சபித்தார். கழுத்து தடித்தது. தந்திகள் மெட்டுகளுக்கு மேலே உயர்ந்து நின்றமையால் விரல்நுனி கிழியும். ஒரு பாட்டு முடியுமுன் சுருதி இறங்கிவிடும். திருவிழா மேடையிற் பாடகர் அடுத்த பாட்டை அறிவிக்கும் இடைவெளியில் அவர் முறுக்காணியுடன் போராடியதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. கொழும்புக் குழு ஒன்றின் கையில் அவர் ஒருமுறை கண்ட பெண்டர் கிற்றாரையே வாழ்நாள் முழுவதும் விரும்பினார். மலிவில் அழகு காண்பது, விலையுயர்ந்ததையும் வாங்க வல்லவரின் இன்பம். வேறு வழியற்றவருக்கு அது வெறும் மலிவு. இவ்வேற்றுமையை மறந்து எழுதப்படும் புகழுரை, வறியவரின் கஞ்சியை விருந்தில் வைத்துச் சுவைப்பதற்கு ஒப்பானது.

இதனை நான் எண்ணிப் பார்க்கவேண்டிய நிலை 2022இல் வந்தது. வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர்மூலம் கிற்றாரின் படத்தைக் கண்ட ஒருவர், நான்கு பிக்கப்புகளுக்கும் 400 டொலர் தர முன்வந்தார். மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எண்பதினாயிரம் ரூபா நான் ஒன்றும் செய்யாமலே ஓர் இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் ஆயிற்று. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாள்களில் அது சிறு தொகையன்று. வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் கிற்றாரைக் கொண்டுசென்றேன். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்த நாலையும் கழட்டிக் குடுத்திட்டு அந்தக் காசிலை புதுக் கிற்றார் ஒண்டு வாங்கலாம். மிச்சமும் வரும். ஏன் யோசிக்கிறியள்?" என்றார். மாமா உயிரோடிருந்தால் அவரும் அதையே கூறியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிக்கப்புகளை விற்றுப் பெண்டர் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருப்பார்.

அன்றிரவு மின்வெட்டு. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற பருவம் அது. செய்வதற்கு வேறொன்றுமின்றிக் கிற்றாரை மடியில் வைத்துத் தந்திகளை மீட்டினேன். என் மகள் அருகில் வந்து, "சத்தமே வரேல்லையே அப்பா" என்றாள். மரத்திற் காதை வைக்குமாறு கூறினேன். வைத்தவள் சிறிதுநேரம் அசையவில்லை. பின்னர் கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தவேண்டாம் எனக் கையாற் சைகை காட்டினாள்.

அவள் கேட்ட ஓசைக்குப் பிக்கப்பு வேண்டியதில்லை. நான்கையும் கழற்றியபின்னும் மரம் ஒலித்திருக்கும். ஆகவே விற்காதிருந்தமைக்கு அதனைக் காரணமாகக் காட்ட முடியாது. நான் கண்டது வேறு. பெயரும் குமிழும் ஏற்கெனவே போய்விட்டன. பயனுள்ளது எது, பயனற்றது எது எனப் பிறர் பிரித்து எடுத்துச் சென்றதன் மிச்சமே என் கையில் இருந்தது. அப்பிரிப்பை நானும் ஒருமுறை செய்ய என் மனம் ஒப்பவில்லை.

முதியவரிடம் மீண்டும் சென்று, அறுந்த கம்பிகளை மாத்திரம் ஒட்டித் தருமாறு கேட்டுக்கொண்டேன். சுருள்களை மெழுகில் தோய்த்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது நான்கில் மூன்று பிக்கப்புகள் ஒலிக்கின்றன. சுருதி இன்றும் ஒரு பாட்டுக்குமேல் நிற்பதில்லை. முறுக்காணியைத் திருகும் ஒவ்வொரு முறையும் மாமாவின் வசவு ஒன்று என் வாயில் வருகின்றது. அருகிலிருக்கும் பிக்கப் அதனையும் பிடித்து ஒலிபெருக்கியில் விடுகின்றது.