வீட்டு மொழி

ராசிங்காபுரம்

அன்புள்ள தாயி,

பேரனை டொராண்டோ பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படிவத்தில் வீட்டு மொழி தெலுங்கா, தமிழா, எதை எழுதுவது என்று கேட்டிருந்தாய். இடம் இருந்தால் இரண்டையும் எழுது. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

போடியிலிருந்து சிலமலை, நம் ஊர், தேவாரம் என்று போகிற பஸ்ஸில் எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள். இறங்கி வீட்டுப்படி ஏறியதும் ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் கன்னடம். 1529-ல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அதன் பின் வகுத்த 72 பாளையங்களில் போடிநாயக்கனூரும் ஒன்று. ஜமீன் குடும்பம் தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தார். நம் சனமும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வடக்கிலிருந்து வந்தது என்பார் உன் தாத்தா. கன்னடம் பேசும் காப்பிலியர், மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று தங்களைச் சொல்வார்கள். கம்பத்தில் நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத்தொழு இன்றைக்கும் இருக்கிறது. அங்கே ஒரு காளைக்குப் பட்டம் கட்டி வைத்திருப்பார்கள். போடி, உத்தமபாளையம், கம்பத்து ராவுத்தர்களை உருது பேசுகிறவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் இருக்கும் முதுவர்களுக்குத் தனிப்பேச்சு உண்டு. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பார்கள்.

மலைக்கும் நமக்கும் உள்ள போக்குவரத்து, யாருக்கு எது மொழி என்ற கணக்கை இன்னும் சிக்கலாக்கியது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. ஏலத்தோட்ட வேலைக்கு இன்றைக்கும் விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. 1955-ல் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன், மலைமேல் உள்ள தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ் பேசுவோரே அதிகம் என்ற கணக்கு இருந்தது. அவர்களில் பலர் வேலைக்கு வந்தவர்கள் என்றும் பொருளாதாரக் காரணங்களையும் சொல்லி, இரண்டையும் கேரளத்துக்கே விட்டார்கள். வேலைக்கு வந்தவர் அந்த ஊர்க்காரர் ஆக எத்தனை தலைமுறை வேண்டும் என்ற கேள்வி எனக்கு ஆறவே இல்லை. ஜீப்பில் போய் அந்தியில் திரும்பும் பெண்ணைக் கணக்கெடுப்பு போடிக்காரியாகத்தான் எழுதும். பகலில் அந்தத் தோட்டத்தில் கேட்கிற தமிழ் அந்த மலையின் கணக்கில் வராது.

போடியில் ஏலக்காய் பொறுக்கும் கூடத்துக்கு ஒருநாள் போயிருந்தேன். முறத்தில் காயைப் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, சிறுத்தது என்று விரல்கள் பிரித்துக்கொண்டே இருந்தன. பத்துப் பதினைந்து பெண்கள் தமிழில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் போன் வந்தது. அம்மாவாக இருக்க வேண்டும். தலையைக் குனிந்து கன்னடத்தில் பேசினாள். பக்கத்தில் இருந்தவள் தன் மகனிடம் தெலுங்கில் பேசினாள். இரண்டு பேருமே முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 88 பேருக்குத் தமிழ் தாய்மொழி. தெலுங்கு 6-க்குச் சற்றுக் குறைவு. கன்னடமும் உருதும் தலா 2-க்குள். இந்தக் கணக்கு எடுக்கப்படும் விதத்தைக் கவனி. சிறு வயதில் தாய் பிள்ளையிடம் பேசியது எதுவோ அதுதான் தாய்மொழி. வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்றும் விதி சொல்கிறது. 2011-ல் நம் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் குடும்பத்தலைவரான என்னை மட்டும் கேட்டார். நான் தெலுங்கு என்றதும் கீழே வரிசையாக எல்லோருக்கும் அதையே எழுதினார். உன் பெரியம்மாவும் நம் சனம்தான்; ஆனால் அவர்கள் வீட்டில் தெலுங்கை விட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அவள் தமிழில் தாலாட்டித்தான் உன் அண்ணன்மார் வளர்ந்தார்கள். அவ்வாவிடம் மட்டும் தெலுங்கில் பேசுவார்கள். நம் தெலுங்குக்கு நம்மிடம் எழுத்து இல்லை. கல்யாணப் பத்திரிகைகூடத் தமிழில்தான். வாயில் இருக்கும் வரைதான் அது இருக்கும். அதனால்தான் இரண்டையும் எழுதச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் தமிழ் பேசுவதாலோ, அங்கே தெரு முழுக்க இங்கிலீஷ் என்பதாலோ பிள்ளையிடம் நம் பேச்சை நிறுத்திவிடாதே, தாயி.

2027 கணக்கெடுப்புக்கு வரும்போது அவரவரைத் தனித்தனியாகக் கேட்டு எழுதச் சொல்லப்போகிறேன். எனக்குத் தெலுங்கு. பெரியம்மாவுக்கும் உன் அண்ணன்மாருக்கும் தமிழ். தாய்மொழிக்கு அப்பால் தெரிந்த மொழிகள் இரண்டை எழுத இடம் உண்டு. அண்ணன்மாருக்கு அதில் தெலுங்கு. பெரியவன் மகள் நாம் பேசினால் புரிந்துகொள்கிறாள். பதில் மட்டும் தமிழில் சொல்கிறாள். அவளுக்கும் அந்த இடத்தில் தெலுங்கு என்று எழுதும்படி அவள் பேசுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. சாயங்காலம் அவளோடு உட்கார ஆரம்பித்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா