நாலு கம்பி போதும்

மெட்டு மட்டும் வாசிக்க ஆறு கம்பி எதற்கு? 1920களின் கடைசியில், அமெரிக்க பாஞ்சோக்காரர்கள் விரல் பழக்கத்தை மாற்றாமல் கித்தாருக்குத் தாவுவதற்காக வந்ததுதான் டெனர் கித்தார். ஸி, ஜி, டி, ஏ: நாலே கம்பி. ஒரு கம்பி சட்ஜமென்றால் அடுத்தது பஞ்சமம், மாண்டலின் மாதிரியே. ஒரு ஜோடிக் கம்பியில் பழகிய மெட்டு, அதே விரல்களோடு அடுத்த ஜோடிக்கும் நகரும்.

அப்பாவுக்கு இப்போது பாட்டு வரிகள் மறந்துபோகுது, மெட்டு மறக்கல. எனக்கோ பாட வராது. அதனால்தான் இந்த அவசரம். கையில் 700 வெள்ளி. மாசாமாசம் பிடிபிடிஎன் கடன் வேறு.

"பழைய கித்தார்ல ரெண்டு கம்பியைக் கழட்டிடுடா" என்றான் பாயான் லெப்பாஸ் ஆலையில் கூட வேலை பார்க்கும் நண்பன். மிஞ்சுகிற டி, ஜி, பி, இ-யை அப்படியே விட்டால் பஞ்சமம் போச்சு. மாற்றி முறுக்கலாமா? கணக்குப் போட்டேன். 25.5 அங்குல நீளத்தில் ஏ கம்பியை 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால், அறுந்துபோகும் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். 23 அங்குலத்தில் அதே கம்பியின் இழுவிசை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

பாலிக் புலாவ் ஈரக்காற்றில் முழுமரப் பலகை வளையலாம். ஒட்டுப்பலகை தாங்கும், விலையும் கம்மி. கடையில் ஒரு சோதனை போதும்: 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தின சுரம், திறந்த கம்பியின் மேல் சட்ஜமாகச் சேரணும். சேரலைன்னா பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. அப்பா காது கண்டுபிடிச்சிடும்.