க்யூ கார்டன்ஸ்... விமானிகள் தூங்க வரும் ஊர்!

அக்கா குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் அடித்தளத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மெஷின் அறை இருக்கிறது. நியூயார்க் போய் இறங்கிய மறுநாளே துணி மூட்டையோடு என்னை அங்கே அனுப்பிவிட்டாள். உள்ளே போனால், ட்ரையரிலிருந்து ஒருவர் வெள்ளைச் சட்டைகளாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஐந்து. எல்லாவற்றிலும் தோளில் பட்டை மாட்டுவதற்கான வார்.

மேலே வந்ததும் கேட்டேன். "மாடியில பைலட் குடும்பம் இருக்கா அக்கா?"

அக்கா சிரித்தாள். "குடும்பமா? அந்த ஒரு வீட்டுல பதினாலு பேர் இருக்காங்கடி. எல்லாருமே பைலட்தான்!"

இந்த இடத்தின் பெயர் க்யூ கார்டன்ஸ். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் இருக்கிறது. லண்டனின் க்யூ தோட்டத்தை நினைத்து வைத்த பெயர். செங்கல் அடுக்குமாடிகள், சரிவுக் கூரை வீடுகள், பக்கத்திலேயே ஃபாரஸ்ட் பார்க் என்ற காடு. லெஃபர்ட்ஸ் சாலையில், ரயில் தண்டவாளத்துக்கு மேலே போகும் பாலத்தின் மீதே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. கடைக்குள் நிற்கும்போது காலடியில் ரயில் ஓடுகிறது.

ஆனால், விமான ஊழியர்கள் இந்த ஊரை 'க்ரூ கார்டன்ஸ்' என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள். காரணம் எளிது. தெற்கே ஜே.எஃப்.கே. விமான நிலையம், வடக்கே லகார்டியா விமான நிலையம். லெஃபர்ட்ஸ் சாலை வழியாக ஓடும் க்யூ10 பஸ்ஸில் ஏறினால் நேராக ஜே.எஃப்.கே.வில் இறங்கலாம். அதிகாலையில் அந்த பஸ்ஸைப் பார்த்தேன். பாதிப் பேர் சீருடையில், சின்னச் சக்கரப் பெட்டியோடு, கண்களில் தூக்கத்தோடு.

கட்டில் மட்டும் வாடகைக்கு

பதினாலு பேர் தங்கும் அந்த மாடி வீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'க்ராஷ் பேட்'. வந்து விழுந்து தூங்கிவிட்டுப் போகிற இடம். நம் திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு நான்கு, ஆறு என்று அடுக்குக் கட்டில்கள். உங்களுக்கென்று ஒரு கட்டில் வேண்டுமானால் வாடகை கூட. குறைந்த வாடகை போதும் என்றால், அன்றைக்கு எந்தக் கட்டில் காலியோ அதில் உங்கள் போர்வையை விரித்துக்கொள்ள வேண்டும்.

பைலட் என்றால் லட்சக்கணக்கில் சம்பாதிப்பவர் என்றுதானே நினைத்திருந்தேன்? மறுபடியும் துணி துவைக்கப் போனபோது அந்த ஐந்து சட்டைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். மாமாவுக்கு அவர் பழக்கம் என்பதால் தயங்காமல் பேசினார். பெயர் வேண்டாம் என்றார். ஒரு 'ரீஜனல்' விமான நிறுவனத்தில் கோ-பைலட். வீடு, மனைவி, நான்கு வயது மகள் எல்லாம் ஒஹாயோ மாநிலத்தில். வேலை மட்டும் நியூயார்க்கில்.

அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் விமானங்களில் பலவும் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்று பெரிய நிறுவனத்தின் பெயரோடும் வண்ணத்தோடும் இருக்கும். ஆனால், ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற வேறு நிறுவனங்கள். விமானிகள் அனுபவம் சேர்க்க முதலில் வந்து சேருவதும் இங்கேதான்.

சேர்ந்ததும் ஒரு 'பேஸ்' ஒதுக்குவார்கள். வேலை தொடங்குவதும் முடிவதும் அந்த ஊரில்தான். எந்த ஊர் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பணிமூப்பு எண். நம் ஊர் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு போலத்தான். சீனியர்கள் நல்ல ஊர்களை எடுத்துக்கொள்ள, மிஞ்சியது புதியவர்களுக்கு. வாடகை ஏறிக்கிடக்கும் நியூயார்க் அடிக்கடி அப்படி மிஞ்சுகிறது. குடும்பத்தைக் கூட்டிவரவும் பயம். அடுத்த வருடம் நிறுவனம் இந்த பேஸையே மூடிவிட்டால்?

அதனால், அவர் விமானம் ஓட்டுவதற்காக விமானத்தில் வருகிறார். டிக்கெட் இலவசம்தான். ஆனால், காலி இருக்கை இருந்தால்தான் இடம். இல்லாவிட்டால் காக்பிட்டில் இருக்கும் மடக்கு இருக்கையைக் கேட்க வேண்டும். டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து போவதுபோல. அதற்கும் வேறொருவர் முந்திக்கொண்டால் அடுத்த விமானம்.

திங்கள் காலை ஆறு மணிக்குப் பணி என்றால் ஞாயிறு மாலையே கிளம்பிவிடுவார். வியாழன் இரவு பத்து மணிக்குப் பணி முடிந்தால் ஊருக்கு விமானம் இருக்காது. இன்னொரு இரவு அடுக்குக் கட்டிலில். பணிக்கு நடுவே வெளியூரில் தங்கினால் ஹோட்டல் செலவு நிறுவனத்துடையது. இந்த இரண்டு இரவுகள் அவர் செலவு. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள், மூன்று விமானங்களில் இடம் கிடைக்காமல் லகார்டியாவிலேயே நின்றதைச் சொல்லும்போது, மடித்த சட்டையையே திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த பிப்ரவரி இரவு

இது அவர் வீட்டுப் பிரச்னை மட்டுமா? அவரே ஒரு விபத்தைச் சொன்னார். அன்றிரவு உட்கார்ந்து விசாரணை விவரங்களைத் தேடிப் படித்தேன்.

2009 பிப்ரவரி 12. நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் பறந்த கோல்கன் ஏர் நிறுவனத்தின் கியூ400 விமானம், தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், அந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். பயணிகளின் டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல்.

கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில். துணை விமானி வசித்தது மேற்குக் கடற்கரையில் சியாட்டில் பக்கம். நெவார்க்கிலிருந்து சுமார் 3,900 கி.மீ. நம் நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு உள்ள தூரத்தைவிட அதிகம். முந்தைய நாள் மாலை கிளம்பி, சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வந்து, அங்கே மாறி, விடியற்காலை நெவார்க் சேர்ந்தார். இருவருக்கும் அங்கே க்ராஷ் பேட்கூட இல்லை. ஊழியர் ஓய்வறையில்தான் கண்ணயர்ந்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் நெவார்க் விமானிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படி வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள்.

வேகம் குறைந்தபோது வந்த எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாகச் செயல்பட்டதுதான் விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை வாரியம். களைப்பு அவர்களின் செயல்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றும் எழுதியது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. திரும்பத் திரும்ப வாஷிங்டனுக்குப் போனார்கள். 2010-ல் புதிய சட்டம் வந்தது. 2014 ஜனவரியிலிருந்து, பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும் அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பும் கட்டாயம். சம்பளமும் பின்னாளில் கூடியது. 2022-ல் சில ரீஜனல் நிறுவனங்கள், தற்காலிக ஊக்கத்தொகையையும் சேர்த்து, புதிய கோ-பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன.

ஆனால், வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணம் இன்றும் விமானியின் சொந்த விஷயம்தான். 'நான் பறக்கத் தகுதியாக இருக்கிறேன்' என்று ஒவ்வொரு முறையும் அவர்தான் உறுதி சொல்ல வேண்டும். முந்தைய இரவு அவர் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

நான்கு பட்டையா, வீடா?

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் அவருக்கு ஒரு நல்ல செய்தி வந்திருந்தது. கேப்டனாகும் வாய்ப்பு. சட்டைத் தோளில் மூன்று பட்டைக்குப் பதில் நான்கு. சம்பளமும் கூடும். ஆனால், அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கோ-பைலட் பட்டியலில் மேலே ஏறிவிட்டதால், சொந்த ஊர் பேஸ் இப்போதுதான் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. கேப்டன் ஆனால், கேப்டன்கள் பட்டியலில் அவர் கடைசி ஆள். மறுபடி நியூயார்க். மறுபடி அடுக்குக் கட்டில்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சின்ன விமானத்தில் ஏறியபோது அவர் நினைவாகவே இருந்தது. விழுந்த அந்த கியூ400 ரகம்கூட ஒரு காலத்தில் இதே பாதையில் பறந்ததுதான். நம் நாட்டிலும் விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியிருக்கிறார்கள். காக்பிட்டிலிருந்து வணக்கம் சொன்ன குரலைக் கேட்டதும், 'நேற்று ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா சார்?' என்று கேட்கத் தோன்றியது.

போன வாரம் அக்கா வீடியோ காலில் வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள். "மாடியில அவரோட கட்டிலுக்கு வேற பையன் வந்துட்டான்டி."

"கேப்டன் ஆயிட்டாரா?"

"இல்ல. வேண்டாம்னுட்டாராம். ஊர்லயே கோ-பைலட்டா இருக்காராம். பொண்ண தினமும் ஸ்கூல்ல விடுறாராம்னு மாமா சொன்னாரு."

"தினமுமா?"

"வீட்டுல இருக்கற நாள்ல" என்றாள் அக்கா.