பஞ்சர் டியூப்ல இல்ல, ரிம்முல

அத்திப்பட்டுன்னா உங்களுக்கு அனல்மின் நிலையமும் கன்டெய்னர் லாரியும்தான் ஞாபகம் வரும். அப்படியே மீஞ்சூர் பக்கம் வாங்க, நெல் வயலும் இருக்கு. என் மாமா அங்கதான் மினி டிராக்டர் ஓட்டுறார். ஒரே பட்டத்துல பின்டயர் மூணு தடவை பஞ்சர். ஒரு ஆணிகூட கிடைக்கல.

மூணாவது தடவை ரிம்மைப் பார்த்தோம். வால்வு ஓட்டையைச் சுத்தி துரு செதில் செதிலா நின்னுது. டியூப்பை அறுத்தது அதுதான்.

சேத்துல சக்கரம் வழுக்காம இருக்க, பின்டயர் டியூப்ல தண்ணி நிரப்புவாங்க. 50 லிட்டர் ஊத்தினா 50 கிலோ எடை கூடும். வால்வு மேல இருக்கிற மாதிரி சக்கரத்தை நிறுத்தி, முக்கால் பங்கு தண்ணி, மிச்சம் காத்து. வால்வு கசிஞ்சா தண்ணி ரிம்முல தங்கிடும். இங்க அது உப்புத் தண்ணி. அளவுக்கு மீறி உறிஞ்சினதால, மீஞ்சூர் நிலத்தடியில 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் புக ஆரம்பிச்சுடுச்சு. முதல் வருஷ கெமிஸ்ட்ரியில படிச்ச அரிமானம் இதேதான்.

அதனால ஒட்டு போடறதுக்கு முன்னாடி ரிம்மை ஒரு துணியால துடைங்க. துணி எங்க சிக்குதோ, அங்க கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு பிரைமர் அடிங்க. நல்ல தண்ணி நிரப்புங்க. விரிசல் இருந்தா ரிம்மையே மாத்திடுங்க.

"டயரைக் கழட்டாமலே வெல்டிங் வெச்சுடலாம்"னு யாராவது சொன்னா தடுத்துடுங்க. காத்தை இறக்கியிருந்தாலும், சூட்டுல ரப்பர்லேர்ந்து வாயு கிளம்பி டயர் வெடிக்கலாம். ஆள் செத்துடுவாங்க. நடவு ரெண்டு நாள் தள்ளிப் போனா பரவாயில்ல.