ஐந்து இரவுகளுக்கு ஓர் உறையுள்

ஊண், உடை, உறையுள் என மனிதனின் தேவைகளை வரிசைப்படுத்துதல் நம் வழக்கு. ஊரில் இருப்பவனுக்கு இவ்வரிசை பொருந்தும். அயல்நாட்டு நகரொன்றுக்குச் செல்பவனுக்கோ உறையுளே முதலில் வந்து நிற்கின்றது. ஒரு துண்டு பாணை எந்தத் தெருமுனையிலும் வாங்கி உண்ணலாம். உடையைப் பெட்டியில் எடுத்துச் செல்லலாம். இரவில் தலைசாய்க்கும் இடத்தை மாத்திரம் புறப்படுமுன்னரே தேடி வைத்தல் வேண்டும். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்வோர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வேளையிலேயே தாம் தங்கவிருக்கும் இடத்திற்குச் சான்று காட்டியாக வேண்டும். எனவே எம்மைப் பொறுத்தவரை அறை தேடும் படலத்துடனேயே பயணம் ஆரம்பமாகிவிடுகின்றது எனலாம்.

2025 ஜூலையில் மாணவர் கருத்தரங்கொன்றில் பங்குபற்றும் பொருட்டுப் பாரிஸ் நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விமானச் சீட்டை ஏற்பாட்டாளர் தந்தனர். தங்குமிடம் என் பொறுப்பாயிற்று. வியாழன் சென்று செவ்வாய் திரும்புவதற்கிடையில் ஐந்து இரவுகள். ஓரிரவுக்கு 40 யூரோவுக்கு மேற் செலவிட இயலாதென வரையறுத்துக்கொண்டேன். அப்போது ஒரு யூரோவின் பெறுமதி ஏறத்தாழ 350 ரூபா. அதன்படி அந்த ஓரிரவுச் செலவே நான் இங்கு ஒரு மாத அறை வாடகையாகக் கொடுக்கும் தொகையை விஞ்சி நின்றது. இத்தகைய நிலையில் மலிவு, இருப்பிடம் என்ற இரண்டையும் ஒருசேரத் தேடுவோன் முதலில் அந்நகரை வாசிக்கப் பழகுதல் வேண்டும்.

பாரிஸ் நகரம் 1860ஆம் ஆண்டு முதல் இருபது வட்டாரங்களாகப் பிரிந்துள்ளது. நடுவில் தொடங்கும் வட்டார இலக்கங்கள் நத்தையோட்டின் சுருளைப் போல வலஞ்சுழியாக வெளிநோக்கிச் செல்கின்றன. தபாற் குறியீடு 75 எனத் தொடங்கின் அவ்விடம் நகரெல்லைக்குள் உள்ளது. இறுதி இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் காட்டும். 92, 93, 94 எனத் தொடங்குவன நகரைச் சூழ்ந்த புறநகர்ப் பகுதிகள். இதனை அறிந்தவன் விடுதியின் பெயரில் 'பாரிஸ்' என்ற சொல் இருப்பது கண்டு மயங்கமாட்டான்.

நான் பார்த்த விளம்பரங்களுள் மிக மலிவானவை சில, நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்தை அண்டியிருந்தன. ஆயின் அந்நிலையத்துக்கும் நகருக்கும் இடையில் ஒருவழிப் பயணத்துக்கு 2025இல் 13 யூரோ கட்டணம். போய்வர 26 யூரோ. அறையில் மிச்சம் பிடித்ததைப் புகையிரதம் வாங்கிக்கொள்ளும். வாரச் சீட்டு உண்டெனினும் அது திங்களிற் தொடங்கி ஞாயிறுடன் முடிவது; வியாழன் வந்திறங்குபவனுக்கு அதனாற் பெரும்பயன் இல்லை. மறுபுறம், அவ்வாண்டு ஜனவரியில் விமான நிலையப் பயணம் தவிர்ந்த ஏனைய மெற்றோ, புகையிரதப் பயணங்கள் அனைத்துக்கும் 2.50 யூரோ என ஒரே கட்டணம் விதிக்கப்பட்டது. எனவே புறநகருக்கும் நடுநகருக்கும் இடையிலான தூரத்தைப் பணத்தால் அளக்கும் தேவை பெரிதும் நீங்கி, நேரத்தால் அளக்கும் தேவையே எஞ்சியது. அந்த நேரமும் பகலில் ஒன்று, நள்ளிரவில் வேறொன்று. மெற்றோ சாதாரண நாள்களில் இரவு 1.15 மணியளவில் ஓய்ந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணித்தியாலம் பிந்தும். அதன்பின் இரவுப் பேருந்துகளே கதி.

இவ்வளவும் கணக்கு. கணக்கில் அடங்காத ஒருவர் எனக்கு அங்கிருந்தார். என் சித்தப்பா நகருக்கு வடக்கேயுள்ள லா கூர்னவ் என்னும் புறநகரில் வாழ்கிறார். ஈழத்தமிழர் பலர் குடியேறிய பகுதி அது. நான் அறை தேடுவதை அறிந்ததும் தொலைபேசியில், "நான் இஞ்ச இருக்க நீ ஹோட்டலிலையோ நிக்கப் போறாய்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. ஆயினும் பிரான்சில் உறவினர் வீட்டிற் தங்குவதாகக் கூறி விசாக் கேட்பதாயின், அழைப்பவர் தம் நகரசபையிற் சான்றிதழ் பெற்று அனுப்பவேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். வீட்டு உரிமையோ வாடகையோ காட்டும் பத்திரங்கள். விருந்தினரை வைத்திருக்க வீட்டில் வசதியுண்டா என்ற கேள்வி. சித்தப்பாவின் வீட்டில் இரண்டு அறைகள், அவற்றில் நால்வர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அந்நாட்டு அரசு அதற்கு ஒரு படிவம் வகுத்துள்ளது. ஒருநாட் கூலியை இழந்து, தம் வீட்டின் நெருக்கடியை அலுவலர் முன் எடுத்துரைத்து அவர் எனக்காக நிற்பதை நான் விரும்பவில்லை. "ஒருநாள் சாப்பிட வாறன் சித்தப்பா" என்றேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

கருத்தரங்குக்கு வரவிருந்த வேறிரு மாணவர் ஒரு யோசனை கூறினர். ஐந்தாம் வட்டாரத்தில், கருத்தரங்கு மண்டபத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில், குறுகிய கால வாடகைக்கு ஒரு வீடு இருந்தது. மூவர் பகிர்ந்தால் தலைக்கு 40 யூரோவிலும் குறைவு. விலை, இருப்பிடம், சமையலறை என யாவும் பொருந்தியிருந்தன. ஆனால் அவ்வீடு ஏன் எமக்குக் கிடைத்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மாதக் கணக்கில் ஒருவருக்கு விடுவதிலும் இரவுக் கணக்கிற் பலருக்கு விடுவது உரிமையாளருக்கு ஆதாயம். அதனால் நிலையாக வாழ்வோருக்கான வீடுகள் அருகுகின்றன; எஞ்சியவற்றின் வாடகை ஏறுகின்றது. இதனைத் தடுக்கவே பாரிஸ் நகரசபை 2017இல் இத்தகைய வீடுகளுக்குப் பதிவிலக்கத்தைக் கட்டாயமாக்கியது. ஒருவர் தாம் வாழும் வீட்டை ஆண்டில் 120 நாள்கள் வரை இவ்வாறு விடலாமென்றிருந்த எல்லை, 2025 ஜனவரி முதல் 90 நாள்களாகக் குறைக்கப்பட்டது. பார்சலோனா நகர முதல்வர் இன்னும் ஒருபடி மேற்சென்று, தம் நகரிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலா வீடுகளின் அனுமதிகளை 2028 நவம்பருடன் முடிவுறுத்துவதாக 2024 ஜூனில் அறிவித்தார்.

வளாகத்துக்கு அயலில் அறை தேடி வீடு வீடாக அலைந்த எம்மவருக்கு இது விளங்காத பொருளன்று. ஐந்தாம் வட்டாரம் பல்கலைக்கழக வட்டாரம். அங்குள்ள ஒவ்வொரு சிறு வீடும் ஒரு மாணவனுக்கு அறையாகியிருக்கக்கூடியது. மாணவர் கருத்தரங்குக்குச் செல்லும் நான், அங்குள்ள மாணவனின் அறையை இரவுக்கு இவ்வளவென எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. நண்பரிருவரும் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு அவ்வீட்டை எடுத்தனர். அவர்களை நான் குறைகூறேன். அவர்களது கைப்பணமும் என்னுடையதைப் போன்றதே.

எளிய பயணிக்கெனவே எழுந்த இடம் இளைஞர் விடுதி. ரிச்சார்ட் ஷிர்மன் என்னும் ஜேர்மானிய ஆசிரியர், மாணவர் கால்நடையாக நாட்டைக் காணவேண்டுமென விரும்பி, 1912இல் அல்டெனாக் கோட்டையில் முதலாவது நிலையான இளைஞர் விடுதியை நிறுவினார். அங்கு வாடகைக்குப் பெறுவது அறையன்று, ஒரு கட்டில். இன்று பாரிஸில் இவ்வகை விடுதிகள் பல உள. எனினும் ஜூலையில் அதே கட்டில் செவ்வாயன்று ஒரு விலை, வெள்ளியன்று வேறொரு விலை. கட்டணத்துக்கு மேலாக இரவுக்கு இவ்வளவென நகரின் தங்கல் வரியும் உண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்தபோது மலிவு பெரிதும் மறைந்துபோயிற்று.

முடிவில் நான் தங்கியது பதினான்காம் வட்டாரத்தின் தென்னெல்லையிலுள்ள சர்வதேசப் பல்கலைக்கழக நகரில். முதலாம் உலகப்போரின் பின், பல நாட்டு மாணவர் ஒன்றாய் வாழ்ந்தால் பகைமை தணியுமென்ற நம்பிக்கையில் 1925இல் நிறுவப்பட்டது அது. பூங்காவொன்றினுள் நாற்பதுக்கு மேற்பட்ட இல்லங்கள். அவற்றுட் சுவிற்சர்லாந்து இல்லமும் பிரேசில் இல்லமும் கட்டடக் கலைஞர் லெ கோர்புசியேயின் கைவண்ணம் பெற்றவை. கோடை விடுமுறையில் மாணவர் ஊர்சென்றதும் வெறுமையாகும் அறைகள் குறுகிய காலத்துக்கு விடப்படுகின்றன. எனக்குக் கிடைத்த அறையின் கட்டணம் என் வரையறையைச் சற்றே தாண்டியது. ஒரு மேசை, ஒரு கட்டில், மரங்களை நோக்கிய ஒரு சாளரம். எவருடைய அறையையும் பறிக்காத அறை என்பதே அதன் முதற் சிறப்பாக எனக்குத் தோன்றிற்று.

சித்தப்பா ஐந்தாம் வட்டாரத்து உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். ஞாயிறன்று அவர் வீட்டில் உண்டேன். திங்களிரவு அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தேன். லக்சம்பூர்க் நிலையத்துக்கு இருவரும் நடந்தோம். எமக்குரிய பாதை ஒன்றே, திசைகள் வேறு. தெற்கே மூன்றாவது தரிப்பில் என் அறை. வடக்கே ஐந்தாவது தரிப்பில் அவர் வீடு. "நேரத்தோட முடிஞ்சால் இது. பிந்தினால் பஸ்தான்" என்றார். பதினெட்டு ஆண்டுகளாக அவ்வட்டாரத்திற் கோப்பை கழுவியும் காய்கறி நறுக்கியும் உழைக்கும் அவர், ஓரிரவேனும் அங்கு உறங்கியதில்லை.

நல்ல இருப்பிடம் என்று பயணிகள் நாம் கூறுவது யாது? நகரின் நடுவே, நிலையத்துக்கு அருகே, இரவில் அச்சமின்றித் திரும்பக்கூடிய இடம். அந்நகரை நாளும் கழுவித் துடைத்துச் சமைத்து வைப்போருக்கும் வேண்டியது அதுவே. ஐந்து இரவுகள் தங்குபவன் கொடுக்கக்கூடிய விலையை ஐம்பது வாரமும் உழைப்பவன் கொடுக்க இயலாதாகையால் அவன் நகரின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றான். எனவே அறை தேடும் மாணவ நண்பர்கள் தபாற் குறியீட்டைப் பாருங்கள். கடைசிப் புகையிரதத்தின் நேரத்தைப் பாருங்கள். வரியையும் கூட்டிப் பாருங்கள். அவற்றோடு, நாம் வராதிருந்தால் அவ்வறையில் யார் வாழ்ந்திருப்பார் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அக்கேள்விக்கு எப்பொழுதும் நல்ல விடை கிடைக்குமென்பதற்கில்லை. கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை.