அட்ரஸ் சரிதானா பாஸ்?

உங்கள் செல்போனுக்கும் கட்டாயம் வந்திருக்கும்... 'உச்ச நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு! இனி எந்தக் கல்லூரியும் இப்படிச் செய்ய முடியாது! எல்லோருக்கும் அனுப்புங்கள்!' என்று ஒரு மெசேஜ். கீழே ஒரு வருடம், நாலு எழுத்து, ஒரு நம்பர். அந்த நம்பரைப் பார்த்ததுமே நம்மில் முக்கால்வாசிப் பேர் சரண்டர். 'நம்பரெல்லாம் போட்டிருக்கான் மச்சி, உண்மையாத்தான் இருக்கும்!'

சரி, அந்த நம்பர் எதைக் காட்டுகிறது என்று ஒரு தடவையாவது தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் தேடியிருக்கிறேன். அதற்குச் சம்பளமே கொடுத்தார்கள்! நான் படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் ஆண்டு. சென்னை பாரிமுனையில், வக்கீல்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தரும் ஒரு குட்டி நிறுவனத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். 'கோடிங் பண்ணிக் கலக்கப் போறோம்' என்று போனால், முதல் நாளே ஒரு கட்டுப் பேப்பரைக் கையில் திணித்து, "தம்பி, இதுல இருக்கிற சைட்டேஷன் எல்லாம் சரியானு பார்த்துக் குடுப்பா" என்றார்கள்.

சைட்டேஷன் என்றால் வேறொன்றுமில்லை... ஒரு தீர்ப்பு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்கிற அட்ரஸ். உதாரணத்துக்கு, (1973) 4 எஸ்.சி.சி. 225. 'சுப்ரீம் கோர்ட் கேஸஸ்' என்ற தொகுப்பு, 1973-ம் வருடம், நாலாவது வால்யூம், 225-ம் பக்கம். திறந்தால் உட்கார்ந்திருப்பது கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், 'அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது' என்று சொன்ன தீர்ப்பு. இதே தீர்ப்புக்கு இன்னொரு அட்ரஸும் உண்டு: ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461. 'ஆல் இண்டியா ரிப்போர்ட்டர்' தொகுப்பில் அது இருக்கும் பக்கம். ஒரே வீடு, ரெண்டு கதவு!

அந்த ஆபீஸில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அண்ணன் இருந்தார். அவர்தான் எனக்குக் குரு. "அட்ரஸ் இருக்குங்கிறதால வீடு இருக்குனு அர்த்தம் இல்ல தம்பி. வீடு இருந்தாலும், நீ தேடுற ஆள் அங்கே இருக்கணும். ஆள் இருந்தாலும், உயிரோட இருக்கணும்" என்பார். மொத்த மேட்டரும் இந்த மூணு வரிக்குள் அடக்கம்.

வீடே இல்லாத அட்ரஸ்

2023-ல் நியூயார்க்கில் நடந்த கூத்து இது. விமானத்தில் உணவுத் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று அவியாங்கா விமான நிறுவனத்தின் மேல் ஒரு பயணி வழக்கு போட்டார். அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் வரிசையாகப் பழைய தீர்ப்புகள். எதிர்த் தரப்பு தேடுகிறது... கிடைக்கவில்லை. நீதிபதி தேடுகிறார்... ம்ஹூம்! கடைசியில் பார்த்தால், ஆறு தீர்ப்புகள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கியவை. பெயர், எண், வருடம் எல்லாமே கச்சிதம். வழக்கு மட்டும் இல்லை! இதில் ஹைலைட், 'இது நிஜ வழக்குதானா?' என்று வக்கீல் சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். அதுவும் 'ஆமாம்' என்றிருக்கிறது. வக்கீல்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம்.

காப்பி அடித்தவனிடமே 'நீ எழுதினது சரியா?' என்று கேட்பது மாதிரிதான் இது. சரிபார்க்க வேண்டுமென்றால் மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

வீடு சரி, ஆள் மாறாட்டம்

இது இன்னும் ஆபத்து. தீர்ப்பு நிஜமாகவே இருக்கும். ஆனால், நீங்கள் மேற்கோள் காட்டும் வரியை நீதிமன்றம் சொல்லியிருக்காது. எப்படி?

ஒண்ணு, தலைக்குறிப்பு. தீர்ப்பின் மேலே சுருக்கமாக நாலைந்து வரிகள் இருக்கும். அதை எழுதுவது பெரும்பாலும் புத்தகத்தின் எடிட்டர், நீதிபதி இல்லை. ரெண்டு, வாதம். வாதி தரப்பு இப்படிச் சொன்னது, பிரதிவாதி தரப்பு அப்படிச் சொன்னது என்று தீர்ப்பிலேயே பக்கம் பக்கமாக வரும். அவசரத்தில் வக்கீலின் வாதத்தை எடுத்து, 'கோர்ட்டே சொல்லிடுச்சு' என்று போட்டுவிடுகிறார்கள். மூணு, மாறுபட்ட தீர்ப்பு. எமர்ஜென்ஸி நேரத்தில், 1976-ல் வந்த ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் ஐந்து நீதிபதிகள். காவலில் வைக்கப்பட்டவர் தன் விடுதலைக்காக உயர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று நால்வர் சொல்லிவிட்டார்கள். தனி ஆளாக நின்று 'முடியும்' என்றவர் எச்.ஆர்.கன்னா. அவர் எழுதியதை எடுத்து, '1976-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது' என்று போட்டால், உண்மையில் நடந்ததற்கு நேர் எதிர்!

ஆள் இருந்தார்... இப்போது இல்லை

சரி, அந்த நால்வர் சொன்னதுதானே சட்டம் என்று இன்றைக்கு அதை மேற்கோள் காட்டலாமா? அதுவும் கூடாது. 2017-ல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய முடிவைத் தூக்கிவிட்டது. ஆனாலும் பழைய புத்தகத்தில் அதே பக்கத்தில் அது அப்படியே இருக்கும். நம்ம பாஷையில் சொன்னால், ஃபங்ஷன் இருக்கு... ஆனா டெப்ரிகேட்டட்!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு தெரியுமா? இணையத்தில் போட்ட பதிவுக்காக ஆட்களை உள்ளே தள்ளிய பிரிவு. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் அதே பிரிவில் போலீஸார் வழக்கு போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-ல் விஷயம் மீண்டும் கோர்ட்டுக்கு வந்தபோது நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். அரசுத் தரப்பு சொன்ன காரணம் என்ன தெரியுமா? அச்சடித்த சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறதாம். ரத்தான விஷயம் அடிக்குறிப்பில்தான் இருக்கிறதாம்! பொடி எழுத்தைப் படிக்காததால் ஒரு மனிதன் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நம்ம ஊர் சினிமா வசனத்தையே எடுங்கள்... 420, 302. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மொத்தமே 358 பிரிவுகள்தான். 420-க்கு இடமே இல்லை! கொலைக்குத் தண்டனை சொல்வது இப்போது 103. ஆனால், அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்தான். அதனால், சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வக்கீல்கள் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா? என் ரூம்மேட்டின் தங்கை கதையைக் கேளுங்கள். பிளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். பிறகு கவுன்சலிங்கில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால், 'மூணு வருஷ ஃபீஸைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க' என்றது பழைய கல்லூரி. அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். புதுக் கல்லூரியில் சேர ஐந்தே நாள் பாக்கி.

உறவுக்காரர் ஒருவர் ஒரு ஃபார்வர்டை அனுப்பி, "இந்த சுப்ரீம் கோர்ட் நம்பரைப் போட்டு லெட்டர் குடுங்க மாப்ளே, நடுங்கிடுவாங்க!" என்றாராம். ரூம்மேட் அதை என்னிடம் காட்டினான். அன்று ராத்திரியே தேடினோம். அந்த வால்யூமில் அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு வருமான வரி வழக்கு! கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால், அப்படி ஒரு வழக்கே சிக்கவில்லை.

பையன் முகம் தொங்கிப்போச்சு. "அப்போ சட்டமே நம்ம பக்கம் இல்லையாடா?" என்றான். நம்பர் பொய் என்பதால் நியாயம் பொய் ஆகிவிடாதே! தேடலைத் திருப்பிப் போட்டோம். கல்லூரிக்கு விதி போடுவது யார்? பல்கலைக்கழக மானியக் குழு. அதன் தளத்தில் 2018 அக்டோபர் அறிவிக்கை கிடைத்தது. ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. அது கோர்ட் தீர்ப்பே இல்லை; மானியக் குழுவின் அறிவிக்கை. அதை அப்படியே சொல்லி, அதற்குப் பின் வந்த சுற்றறிக்கைகளையும் பார்த்துவிட்டு, நகலை இணைத்து அப்பா கையெழுத்தோடு கடிதம் போனது. நாலாவது நாள் சான்றிதழ்கள் வந்தன. கட்டிய பணம் இன்னும் வரவில்லை. அந்தப் போராட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒருவேளை அந்த ஃபார்வர்ட் நம்பரோடு கடிதம் போயிருந்தால்? கல்லூரியின் வக்கீல் ஒரே நிமிடத்தில் பொய்யைக் கண்டுபிடித்திருப்பார். அதற்கப்புறம் அப்பா சொல்லும் உண்மையையும் யார் கேட்பார்கள்?

தேடுவது இப்போது ரொம்ப சுலபம் பாஸ். உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் 2023-ல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. அதே வருடம் தீர்ப்புகளுக்குத் தனக்கென்று பொது எண் கொடுக்கவும் தொடங்கியது. மத்தியச் சட்டங்களுக்கு 'இந்தியா கோட்' தளம். ஒரு எண் கிடைத்தால், வழக்கின் பெயரும் தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்த வரியைச் சொன்னது நீதிபதியா, வக்கீலா, எடிட்டரா என்று பாருங்கள். பிறகு வந்த தீர்ப்போ திருத்தமோ அதை மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாராளமாக ஃபார்வர்ட் பண்ணுங்க!

அதுசரி... இந்தப் பக்கத்திலேயே நானும் நிறைய நம்பர் அள்ளிவிட்டிருக்கேனே, அதையெல்லாம் அப்படியே நம்பிட்டீங்களா என்ன? போங்க பாஸ், முதல்ல போய்த் தேடிப் பாருங்க!